புரட்டிக் கடக்கப்படும் இரண்டாம் அத்தியாயம்

மேல்நிலை வகுப்பில் உளவியலைப் பாடமாக எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், எடுக்கலாமா என யோசித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும்,

சி.பி.எஸ்.இ. எனப்படும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடப்பட்டியலில் 037 என்னும் குறியீட்டின்கீழ் உள்ள உளவியல், எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என மதிப்பெண் பகுக்கப்பட்ட பாடமாகும். இவ்வாரியத்தின் பள்ளிகளில் அதைத் தேர்ந்தெடுப்போரில் சிலர் பிறர் மனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்ற ஆவலோடும், சிலர் தம் மனக் குழப்பங்களுக்கு விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடும், இன்னும் சிலர் இது 'ஸ்கோரிங்' பாடம் என்று சீனியர்கள் சொன்னதைக் கேட்டும் வருகின்றனர். இவற்றுள் எதையும் இழிவாகக் கருத வேண்டியதில்லை. இரண்டாவது நம்பிக்கையோடு வருபவரைக் கனிவோடுதான் வரவேற்க வேண்டும். ஆயினும் இந்த எதிர்பார்ப்புகள் மூன்றையுமே ஓரளவு ஏமாற்றக்கூடிய பாடம் இது என்பதால், அந்த ஏமாற்றத்தைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க இம்மடல் எழுதப்படுகிறது.

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டுள்ள பதினோராம் வகுப்புப் பாடநூலின் இரண்டாம் அத்தியாயம் உளவியலின் ஆய்வு முறைகளைப் பற்றியது. அதற்கு முன்னே உளவியல் என்றால் என்ன என்னும் அறிமுகம் இருக்கிறது. பின்னே கற்றல், நினைவு, சிந்தனை, மனவெழுச்சி போன்ற சுவையான தலைப்புகள் காத்திருக்கின்றன. இடையில் நிற்கும் இந்த அத்தியாயமோ வரையறைகளும் நிறைகுறைகளும் மிகுந்ததாக இருப்பதால், தேர்வில் கேட்கப்படக்கூடிய இரண்டொரு வினாக்களை மட்டும் குறித்துக்கொண்டு புரட்டிக் கடக்கப்படுகிறது. உண்மையில் உளவியல் என்னும் துறை இந்த அத்தியாயத்தில்தான் குடியிருக்கிறது. மற்ற அத்தியாயங்கள் யாவும் இம்முறைகளைக் கையாண்டு பெற்ற, இன்னும் திருத்தத்திற்கு உட்பட்ட முடிவுகள் மட்டுமே.

இவ்வாறு சொல்லக் காரணம் உண்டு. வேதியியல் வகுப்புக்குள் நுழையும் மாணவர் மூலக்கூறுகளைப் பற்றிச் சொந்தக் கருத்து எதையும் கொண்டுவருவதில்லை. உளவியல் மாணவரோ, பிறந்தது முதல் மனிதரோடு பழகிச் சேர்த்துவைத்த முடிவுகளோடும், வீட்டிலும் தெருவிலும் கேட்ட தீர்ப்புகளோடும் வருகிறார். 'அடியாத மாடு படியாது', 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பவை பழமொழிகள் மட்டுமல்ல. தண்டனையைப் பற்றியும் கற்றலுக்குரிய வயதைப் பற்றியும் செய்யப்பட்ட கூற்றுகளும் ஆகும். அவை சரியா தவறா என்று வாதிடுவது உளவியல் அன்று. எந்தச் செயலில், எந்த வயதினரிடம், யாரோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலத்திற்கு என்று கேட்டு, பொய்யாகிவிடக்கூடிய வடிவத்தில் அக்கூற்றை மாற்றியமைத்துப் பின்னர் சோதித்துப் பார்ப்பதே உளவியல்.

ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு வகுப்பில் டியூஷன் செல்லும் மாணவர்கள் செல்லாதவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாறிகள் சேர்ந்து கூடுவதையோ எதிரெதிராக மாறுவதையோ குறிக்கும் ஒட்டுறவு என்பது அங்கே இருக்கிறது. அதைக்கொண்டு டியூஷன் படிப்பைக் கெடுக்கிறது என்று முடிவுகட்ட இயலாது. மதிப்பெண் குறைந்ததால்தான் அவர்கள் டியூஷனுக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். எது எதற்குக் காரணம் என்று அறிய வேண்டுமாயின், ஆய்வாளர் தாமே மாற்றியமைக்கும் சாரா மாறி ஒன்றும், அதன் விளைவாக மாறுகிறதா என்று அளக்கப்படும் சார்பு மாறி ஒன்றும், அந்த மாற்றத்திற்கு உட்படுத்தப்படாமல் ஒப்பீட்டுக்காக நிறுத்தப்படும் கட்டுப்பாட்டுக் குழு ஒன்றும் தேவைப்படுகின்றன. யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கலைப் போன்ற தற்செயல் முறையில் தீர்மானிக்கவும் வேண்டும். இந்த நான்கையும் உணர்ந்துகொண்டவர் நாளிதழில் வரும் 'ஆய்வில் கண்டுபிடிப்பு' என்னும் செய்திகளில் பாதியைத் தாமே எடைபோட்டுவிடலாம்.

1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகத்தை நிறுவியபோது அங்கு கையாளப்பட்ட வழிகளுள் அகநோக்கு முறையும் ஒன்று. பயிற்சி பெற்ற ஒருவர் தம் மனத்தில் நிகழ்வதைத் தாமே கவனித்துச் சொல்வதை அது குறிக்கும். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சரிபார்க்க வழியில்லாததால் அம்முறை பிற்காலத்தில் செல்வாக்கு இழந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நினைவாய்வு வேறு வழியில் சென்றது. அவர் பொருள் தராத அசைகளை உருவாக்கி, அவற்றின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்க முதல்முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்னும் அவருடைய வளைகோடு இன்றும் பாடநூலில் இருக்கிறது. ஆனால் மாணவர் கவனிக்க வேண்டியது வளைகோட்டை அன்று. 'நினைவிருக்கிறதா' என்று மனத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, மிச்சமான நேரத்தை அவர் அளந்தார் என்பதை.

அதே போக்கில், எந்தப் பள்ளியிலும் செலவில்லாமல் செய்யக்கூடிய நினைவுச் சோதனை ஒன்று உண்டு. வேம்பு, குடை, சாவி, தட்டு என்பன போன்ற பதினைந்து எளிய சொற்களை, இரண்டு விநாடிக்கு ஒன்றாக, ஒரே குரலில் வாசித்துவிட்டு, நினைவில் வந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று சொல்ல வேண்டும். பின்னர் ஒவ்வோர் இடத்தில் இருந்த சொல்லையும் வகுப்பில் எத்தனை பேர் எழுதினர் என்று எண்ணிக் கோட்டுப்படம் வரைந்தால், தொடக்கத்தில் உயர்ந்தும் நடுவில் தாழ்ந்தும் முடிவில் மீண்டும் உயர்ந்தும் செல்லும் வளைவு கிடைக்கும். தொடக்கச் சொற்கள் நன்கு நினைவிருப்பதை முதன்மை விளைவு என்றும், இறுதிச் சொற்கள் நினைவிருப்பதை அண்மை விளைவு என்றும் சொல்லலாம்.

இவ்வளவோடு நிறுத்தினால் அது வேடிக்கை மட்டுமே. 1966இல் கிளான்சர், கூனிட்ஸ் என்னும் இருவர் செய்ததைப் போல, பட்டியல் முடிந்தவுடன் எழுதவிடாமல் முப்பது விநாடிகள் எண்களை உரக்க எண்ண வைத்து, அதன் பிறகு எழுதச் சொன்னால், முடிவின் உயரம் கரைந்துவிடுகிறது. தொடக்கத்தின் உயரமோ பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. ஒரே இடையூறு ஒரு முனையை அழித்து மறுமுனையை விட்டுவைப்பதால், இறுதிச் சொற்கள் சில விநாடிகளே தாங்கும் குறுகிய கால நினைவில் இருந்தன என்றும், தொடக்கச் சொற்கள் திரும்பத் திரும்ப உள்ளுக்குள் சொல்லப்பட்டு நீண்ட கால நினைவுக்குப் போய்விட்டன என்றும் ஊகிக்க இடம் ஏற்படுகிறது. யாருடைய மண்டையையும் திறக்காமல், யாரையும் 'உன் நினைவு எப்படி இயங்குகிறது' என்று கேட்காமல் இந்த ஊகம் எட்டப்பட்டது.

வகுப்பறையில் இச்சோதனை ஒழுங்காக நடந்தேறாது என்பதும் அதன் பயன்களுள் ஒன்று. மதிய இடைவேளைக்கு முந்தைய பிரிவேளையில் பட்டியலின் நடுவே 'பிரியாணி' என்ற சொல் இருந்துவிட்டால் வளைவின் பள்ளத்தில் ஒரு மேடு எழும்பும். வாசிப்பவர் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லிவிட்டாலும், பக்கத்து மேசையின் விடைத்தாள் கண்ணில் பட்டாலும் அவ்வாறே. ஆய்வாளர் கருதாமலே முடிவைப் பாதிக்கும் இத்தகையவற்றைக் குறுக்கிடும் மாறிகள் என்பர். அவற்றின் வரையறையை மனப்பாடம் செய்தவரைவிட, அந்த மேட்டைப் பார்த்துத் திகைத்து, சொல்லை மாற்றி வைத்து மறுபடியும் செய்தவர் அதிகம் கற்றிருப்பார்.

இங்கேதான் பள்ளி ஆய்வகத்தின் பழைய நோய் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த ரெக்கார்டு நோட்டைத் திறந்தாலும் எல்லாச் சோதனைகளும் பாடநூல் சொன்னபடியே முடிந்திருக்கின்றன; முந்தைய ஆண்டு நோட்டும் இந்த ஆண்டு நோட்டும் சில வேளைகளில் எழுத்துப் பிழை உட்பட ஒத்துப்போகின்றன. எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் வைவாவில் மதிப்பெண் குறையும் என்ற அச்சம் இதற்குக் காரணம். ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒருவரை மட்டும் சோதித்த முடிவு பாடநூலோடு ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பானதே. அந்த வளைகோடுகள் பலருடைய சராசரிகள். வந்த எண்களை வந்தபடியே எழுதி, அவை ஏன் விலகியிருக்கலாம் என்று நான்கு வரி விளக்கும் மாணவர்தான் உளவியல் செய்தவர். தேர்வாளர்களில் நல்லவர்கள் அதைத்தான் தேடுகின்றனர்.

கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும் என்பதை எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் காட்டினர். வாகன விபத்துப் படக்காட்சிகளைப் பார்த்தவர்களிடம், கார்கள் 'இடித்தபோது' என்ன வேகத்தில் சென்றன என்று சிலரையும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகத்தில் சென்றன என்று வேறு சிலரையும் கேட்டதில், இரண்டாம் குழுவினர் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்கப்பட்டபோது, படத்தில் கண்ணாடியே உடையவில்லை என்றபோதிலும், 'நொறுங்கிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேரும், 'இடித்த' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். நீதிமன்றச் சாட்சியம் முதல் வீட்டுச் சண்டை வரை இதன் நிழல் படியாத இடமில்லை. மாணவருக்கு இது மிக அண்மையில் பயன்படப்போவது, பன்னிரண்டாம் வகுப்பில் அவர் இன்னொரு மனிதர் முன் அமர்ந்து வினாக்கள் கேட்க வேண்டிய நாளில்.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் தரப்படுத்தப்பட்ட உளவியல் சோதனைகளோடு, தனியாள் ஆய்வு ஒன்றும் இடம்பெறுகிறது. தரப்படுத்தல் என்பது, சோதனையை எல்லோருக்கும் ஒரே அறிவுரையோடும் ஒரே நேர வரம்போடும் கொடுத்து, பெருந்தொகையானோர் பெற்ற மதிப்பெண்களைக்கொண்டு ஒப்பீட்டு அட்டவணை உருவாக்குவதாகும். அந்த அட்டவணையின் மதிப்புகளே நியமங்கள். பதற்ற அளவையில் ஒருவர் 34 பெற்றார் என்பது தனியே எதையும் சொல்லாது. அவரைப் போன்றவர்கள் பெரும்பாலும் எவ்வளவு பெறுகின்றனர் என்பது தெரிந்தால்தான் அந்த 34 கூடவா குறைவா எனத் தெரியும். ஆங்கிலத்தில் அச்சான வினாத்தாளை நகலெடுத்து, வீட்டில் பாட்டியிடம் போகிற போக்கில் தமிழில் சொல்லிக் கேட்டு, இடையில் அடுப்பைப் பார்க்க அவர் எழுந்துபோன நேரத்தையும் சேர்த்துக்கொண்டு கிடைத்த மதிப்பெண்ணை அந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது பொருளற்றது. அவ்வாறு நேர்ந்ததை மறைக்காமல் எழுதினால் மட்டும் அது பயனுள்ளதாகும்.

சோதனையைப் பற்றிக் கேட்க வேண்டிய வேறு இரண்டு வினாக்களும் உண்டு. திரும்பச் செய்தாலும் ஏறத்தாழ அதே முடிவைத் தருவது நம்பகத்தன்மை. அளப்பதாகச் சொல்வதையே உண்மையில் அளப்பது ஏற்புடைமை. மளிகைக் கடைத் தராசு எப்போதும் 50 கிராம் கூட்டியே காட்டினால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. நுண்ணறிவு ஈவு என்னும் எண்ணைக் கண்டு மயங்கும் முன் இவ்விரண்டையும் நினைவில் கொள்வது நலம். ஆல்பிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் பிரான்சில் தம் அளவுகோலை வகுத்தது, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதற்காகவே. மன வயதை உண்மை வயதால் வகுக்கும் ஈவு, வில்லியம் ஸ்டெர்ன் பின்னர் சேர்த்தது. பிறவியிலேயே அமைந்த மாறாத அளவாக அதைக் கொள்வதைப் பினே எதிர்த்தார். இந்தியாவில் சி.எம். பாட்டியா 1955இல் உருவாக்கிய செயல்வழிச் சோதனைத் தொகுதி, கட்டைகளை அடுக்குதல், கோலங்களை வரைதல், படத்துண்டுகளைப் பொருத்துதல் போன்ற பணிகளால் அமைந்தது. எழுத்தறிவு இல்லாதோரையும் எழுத்தறிவைச் சாராமல் அளக்க வேண்டும் என்னும் தேவையிலிருந்து அது பிறந்தது.

தனியாள் ஆய்வு என்பது ஒருவரின் வளர்ச்சி வரலாற்றை உற்றுநோக்கல், நேர்காணல், சோதனை ஆகியவற்றால் தொகுத்து எழுதுவது. பெரும்பாலும் தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுச் சிறுவர், வகுப்புத் தோழர் என யாரேனும் ஒருவரே இதற்கு அகப்படுகிறார். அவருடைய சம்மதமும், சிறுவராயின் பெற்றோரின் சம்மதமும் பெறப்பட வேண்டும். பெயருக்குப் பதில் முதலெழுத்தோ எண்ணோ போதும். பாதியில் நிறுத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயரை மறைத்துவிட்டு, 'எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மகன்' என்று எழுதினால் மறைத்ததாகாது. அந்த நோட்டு வகுப்பில் கைமாறும், ஆசிரியர் அறையில் குவிந்து கிடக்கும், அடுத்த ஆண்டு ஜூனியரிடம் மாதிரியாகப் போய்ச்சேரும் என்பதை நினைத்தால், எதை எழுதாமல் விட வேண்டும் என்பது தானே புரியும்.

பன்னிரண்டாம் வகுப்பு நூலில் மிகுதியாக வாசிக்கப்படும் அத்தியாயம் உளக்கோளாறுகளைப் பற்றியது. அதை வாசித்த வாரத்திலேயே மேசையை ஒழுங்காக வைப்பவருக்கு 'ஓ.சி.டி.' என்றும், கோபித்துப் பின் சிரிப்பவருக்கு 'பைபோலார்' என்றும் பட்டம் வழங்கப்படுவது வகுப்புகளில் புதிதன்று. வாசிப்பவரே தமக்கு எல்லாக் கோளாறுகளும் இருப்பதாக எண்ணிக் கலங்குவதும் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலின்படி, பெருஞ்சோர்வு என்று கண்டறிய, ஒன்பது அறிகுறிகளுள் குறைந்தது ஐந்து, அவற்றுள் சோர்ந்த மனநிலையோ ஆர்வமிழப்போ ஒன்று கட்டாயமாக, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவில் இருக்க வேண்டும். வேறு உடல்நோயோ மருந்தோ காரணமில்லை என்பதும் உறுதியாக வேண்டும். பட்டியலை வாசிப்பவர் கண்ணில் அறிகுறிகள் மட்டும் படுகின்றன. கால அளவும் பாதிப்பின் அளவும் விலக்குகளும் படுவதில்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருக்கு மனநோய் இருப்பதை ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. அந்த நெறிகளும் மாறுபவை: தன்பால் ஈர்ப்பைக் கோளாறுகளின் பட்டியலிலிருந்து மேற்சொன்ன சங்கம் நீக்கியது 1973இல்தான்.

தம் துயரத்திற்கு விடை தேடி இப்பாடத்திற்கு வந்தவருக்குத் தனியே ஒன்று. பாடநூல் துயரத்திற்குப் பெயர் தரக்கூடும். அதுவே ஓர் ஆறுதலாகவும் இருக்கலாம். ஆனால் அது சிகிச்சையாகாது. பள்ளி ஆலோசகர், நம்பகமான ஆசிரியர், மருத்துவர் ஆகியோரோடு, 14416 என்ற எண்ணில் இயங்கும் நடுவண் அரசின் டெலி மானஸ் உதவியழைப்பும் உண்டு. அதில் தமிழிலும் பேசலாம். தேர்வு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

பாடநூலில் அச்சாகியிருப்பவை யாவும் முடிந்த முடிவுகள் என்று எண்ணுவதும் பிழை. ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் ஆய்வில், 1963இல் வெளியான அறிக்கையின்படி, 40 பேரில் 26 பேர் அதிகாரியின் சொல்லுக்கு இணங்கி, மற்றொருவருக்குத் தருவதாக நம்பிய மின்னதிர்ச்சியின் இறுதி அளவு வரை சென்றனர். அதன் ஒழுக்கநெறி பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. பிலிப் சிம்பார்டோ 1971இல் நடத்திய சிறைச்சாலைச் சோதனை, காவலர் வேடமிட்டவர்களுக்கு முன்கூட்டியே வழிகாட்டப்பட்டது என்னும் குற்றச்சாட்டால் பெரிதும் மதிப்பிழந்திருக்கிறது. 2015இல் வெளியான கூட்டு முயற்சி ஒன்றில், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகள் மீண்டும் செய்யப்பட்டன. முதல் ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முறையில் பொருட்படுத்தத்தக்க விளைவைக் காட்டியிருக்க, மறுஆய்வுகளில் 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. இதைக் கேட்டு, இத்துறையே பொய் என்று கைகழுவுவோரும் உண்டு. தன் பிழையைத் தானே எண்ணிக் கணக்கிட்டு வெளியிட்ட துறை அது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வது நேர்மை.

பாடத்திட்டக் குறைப்பின்போது 'உளவியலும் வாழ்வும்' என்னும் அத்தியாயம் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கைவிடப்பட்டது ஓர் இழப்பே. நெரிசல், இரைச்சல், வறுமை, வன்முறை ஆகியவை மனத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்று பேசிய அந்தப் பக்கங்கள் இல்லாததால், உளவியல் என்றாலே கோளாறும் சிகிச்சையும்தான் என்னும் எண்ணம் மேலும் வலுப்படுகிறது. பழைய பதிப்பு கிடைத்தால் தேர்வுக்கு வராது என்று ஒதுக்காமல் அதை வாசிக்கலாம். இந்தியாவில் இத்துறையின் வரலாறும் மருத்துவமனையில் தொடங்கியதன்று: 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கெனத் தனித்துறை அமைந்தது, மைசூரில் உளவியல் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசுவாமி 1935இல் தம் வீட்டிலேயே வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். ஆகாசவாணி என்னும் பெயர் அந்த நிலையத்திற்கு இடப்பட்டதே.

மேற்படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மருந்து எழுதித்தரும் உளமருத்துவராக எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் உளமருத்துவம் படிக்க வேண்டும், அதற்கு மேல்நிலையில் உயிரியல் இன்றியமையாதது. மருத்துவ உளவியலாளர் எனச் சட்டப்படி பணியாற்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும், அது பொதுவான உளவியல் முதுகலைப் பட்டத்தால் மட்டும் வருவதன்று. இளங்கலை உளவியலில் சேரப் பல கல்லூரிகள் மேல்நிலையில் அப்பாடத்தைப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.

படிக்கும் முறையைப் பற்றியும் இத்துறையே சொல்லியிருக்கிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஓர் உரைநடைப் பகுதியை ஒருமுறை படித்தபின் சிலர் அதை மீண்டும் படித்தனர். சிலர் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ நிலைமை மாறி, படித்தவர்கள் 42 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர். அதே ஆய்வின் இரண்டாம் பகுதியில், ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே முன்கூட்டி மதிப்பிடச் சொன்னபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே மிகுந்த நம்பிக்கையோடு இருந்தனர்; ஒரு வாரத்திற்குப் பின் மிகக் குறைவாக நினைவுகூர்ந்தவர்களும் அவர்களே.